பயபக்தி, கீழ்ப்படிதல்: ஆராதனையில் இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன பொருள்?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, நாலு பேர் கூடி சபை விஷயம் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு புகார் வந்துவிடும். “அந்தச் சபையில பயபக்தியே கிடையாது.” சி.எஸ்.ஐ.காரர், அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரர், பெந்தெகொஸ்தே சபையைக் காட்டுவார், அங்கே டிரம்ஸ் அடிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள் என்று. பெந்தெகொஸ்தேக்காரர் இந்தப் பக்கம் கை நீட்டுவார், புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவது ஒரு ஆராதனையா என்று. கத்தோலிக்கர் இரண்டு பேரையும் பார்த்து, நற்கருணைக்கு முன்னால் முழங்கால்கூட மடக்காதவர்களுக்கு என்ன பக்தி என்பார். அப்புறம் இன்னொரு புகார், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது. கிளறிப் பார்த்தால் சபைக் கமிட்டி சொன்னதை வாலிபர் கேட்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருளாக இருக்கும்.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: “கடவுள் நல்லவர்னா அவருக்கு எதுக்குப் பயப்படணும்?” அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அது எனக்கே தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்ததையும் படித்ததையும்தான் இங்கே முதலில் இருந்து எழுதுகிறேன். வேதாகமத்தை அதிகம் திறந்து பார்க்காதவர்களும் கூடவே வரலாம்.

பால் வெட்டுகிறவரின் பயம்

எங்கள் பாட்டா அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியும் முன்னே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறிவிட்டால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்துபோய் பால் ஓட்டமும் குறையும், அதனால்தான் அந்த நேரம். மரத்துக்கு முன்னால் நின்றதும் நேராகக் கத்தியை வைக்க மாட்டார். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார், கட்டைவிரலால் பட்டையை ஒருமுறை தடவுவார், அப்புறம்தான் வெட்டு.

அந்த வெட்டில்தான் விஷயம் இருக்கிறது. பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், தடிக்கு, அதாவது உள்ளே இருக்கிற கட்டைக்கு, அருகில்தான் நெருக்கமாக இருக்கும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழம் போனால், தடிக்கும் பட்டைக்கும் நடுவில் புதுப் பட்டையை வளர்க்கிற ஒரு மெல்லிய படலம் இருக்கிறதே, அதில் கத்தி பட்டுவிடும். பட்டால் காயம். அந்த இடத்தில் வளரும் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிற்காலத்தில் அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும், அதுவும் டார்ச் வெளிச்சத்தில்.

சின்ன வயதில் ஒருநாள் கத்தியைக் கேட்டு வாங்கி நானும் ஒரு மரத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தி தடி வரைக்கும் இறங்கிவிட்டது. பாட்டா ஏசவில்லை. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். “மக்களே, இது மாறாது கேட்டியா” என்று மட்டும் சொன்னார்.

பாட்டாவுக்கு மரத்தைக் கண்டு பயமா? இல்லை. மரம் அவரை ஒன்றும் செய்துவிடாது. மரத்துக்குக் காயம் பட்டுவிடக் கூடாதே என்ற பயம் அது. அந்தப் பயம் அவரை மரத்தைவிட்டு விலகி ஓடவைக்கவில்லை, இன்னும் கிட்டே வரவைத்தது, கையை நிதானமாக்கியது.

வேத அறிஞர்கள் நெடுங்காலமாகப் பயத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்லி வருகிறார்கள். ஒன்று அடிமைப் பயம், அதாவது அடி விழும் என்பதால் வருவது. மற்றது பிள்ளைப் பயம், அன்பாக இருக்கிறவரின் மனதைப் புண்படுத்திவிடுவோமோ என்று வருவது. யாத்திராகமம் 20:20-இல் இரண்டும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. சீனாய் மலை புகைகிறது, ஜனங்கள் நடுங்குகிறார்கள், மோசே அவர்களைப் பயப்படாதிருங்கள் என்கிறார், உடனேயே தேவனைப் பற்றிய பயம் உங்களுக்கு முன்பாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். முதல் பயம் போக வேண்டும், இரண்டாவது பயம் இருக்க வேண்டும். யோவான் தன் நிருபத்தில் பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று எழுதுவது முதல் பயத்தைத்தான்.

எனக்கு இதைப் புரியவைத்தது 130-ஆம் சங்கீதம். உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு என்கிறது அது. தண்டனை உண்டு, அதனால் பயம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் எளிதாகப் புரிந்திருக்கும். மன்னிப்பு உண்டு, அதனால் பயம் என்கிறது. இவ்வளவு மன்னித்தவரிடம் இனி எப்படி அலட்சியமாக நடப்பது என்கிற உணர்வு அது.

சரி, இதுவரை வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பயபக்தி என்பது, தேவன் எவ்வளவு பெரியவர், எவ்வளவு நல்லவர் என்று அறிந்து, அந்த அறிவோடு அவர் முன்னால் கவனமாக நிற்பது. தண்டனைக்கு நடுங்குவது அதில் சேராது.

சாரத்தை இறக்கிவிடுவது

அப்படியானால் முழங்கால், முக்காடு, வெள்ளை உடுப்பு, செருப்பைக் கழற்றுவது இதெல்லாம் எதற்கு? நம் ஊரில் ரோட்டோரம் சாரத்தை, அதாவது லுங்கியை, மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவன், பெரியவர் யாராவது வந்தால் மடிப்பை இறக்கிவிடுவான். பாறசாலையிலும் அப்படித்தான், மார்த்தாண்டத்திலும் அப்படித்தான். யாரும் சட்டம் போடவில்லை, கை தானாகப் போகும். சாரமே கட்டாத ஊரில் இதைச் செய்து காட்டினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. மரியாதைக்கும் ஒரு பாஷை உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும்.

ஆராதனைக்கு வேதாகமத்தின் மூலமொழிகளில் அதிகம் வருகிற சொற்களுக்குக் குனிந்து விழுவது, நெடுஞ்சாண்கிடையாக வணங்குவது என்றே பொருள். எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசேயிடம் சொல்லப்பட்டது காலில் இருக்கிற பாதரட்சையைக் கழற்று என்பது. அதனால் உடம்புக்குப் பக்தியில் பங்கே இல்லை, எல்லாம் மனசுதான் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனசு மட்டுமாக யாரும் கோவிலுக்கு வருவதில்லை, காலும் கையும் கூடவேதான் வருகின்றன.

ஆனால் எந்தக் குனிவு, எந்த நிலை என்பது ஒன்றே ஒன்று கிடையாது. 325-இல் கூடிய நிசேயா சங்கம், அதாவது பெரும்பாலான திருச்சபைகள் மதிக்கிற அந்தப் பழைய பேராயர் மாநாடு, ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் போடக் கூடாது, நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்று விதித்தது. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு எழுந்து நிற்பதுதான் பக்தி என்பது காரணம். முழங்கால் போடாததால் பக்தி இல்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கேரளத்தின் பழைய சுரியானி சபைகள் பலவற்றில் இன்றும் கிழக்கே பார்த்து, பெரும்பாலும் நின்றுகொண்டேதான் குர்பானா என்கிற நற்கருணை ஆராதனை. இரட்சணிய சேனையில் டிரம் அடிப்பது நெடுநாள் வழக்கம், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் வழக்கமே அங்கே இல்லை. இவர்களில் யாருடைய பயபக்தியையும் வெளியே இருந்து அளக்க நான் துணிய மாட்டேன்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எபிரெயர் 5:7, இயேசு பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் ஜெபித்ததைச் சொல்கிறது, அதே வசனம் அவருடைய பயபக்தியின் நிமித்தம் அது கேட்கப்பட்டது என்கிறது. அழுது கதறினதைத்தான் பயபக்தி என்று வேதம் சொல்கிறது! அமைதியாக இருந்தால் மட்டும் பக்தி என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. அதற்காக இரைச்சல்தான் பக்தி என்றும் ஆகாது, ஆபகூக் 2:20 பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மௌனமாயிருக்கச் சொல்கிறது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரியவரைக் கண்டு சாரத்தை இறக்கிவிட்ட அதே ஆள், அவர் அந்தப் பக்கம் போனதும் அவருடைய எல்லைக் கல்லை நகர்த்தினால்? உதட்டால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், இருதயமோ தூரமாய் இருக்கிறது என்று ஏசாயா 29:13-இல் தேவன் சொல்வது இந்த ஆளைப் பற்றித்தான். இங்கேதான் கீழ்ப்படிதல் உள்ளே வருகிறது.

“சொன்னா கேக்க மாட்டான்”

கீழ்ப்படிதல் என்றதும் ராணுவம், பிரம்பு, வாயை மூடு என்றெல்லாம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வீட்டில் நாம் கீழ்ப்படியாத பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறோம்? சொன்னா கேக்க மாட்டான். காது நன்றாகக் கேட்கிற பிள்ளையைத்தான் அப்படிச் சொல்கிறோம். மலையாளத்திலும் இதே பேச்சு, பறஞ்ஞால் கேள்க்கில்ல என்பார்கள். கேட்பது என்றால் காதில் விழுவது, கேட்பது என்றால் அதன்படி செய்வது, இரண்டுக்கும் ஒரே சொல்.

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெய மொழியிலும் அப்படியே. ஷமா என்றால் கேள். கீழ்ப்படி என்பதற்கும் அதே சொல்தான். “இஸ்ரவேலே, கேள்” என்று உபாகமம் 6:4-இல் தொடங்கும் வசனத்தை யூதர்கள் இன்றும் நாள்தோறும் சொல்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கீழ்ப்படிதலுக்கு வருகிற சொல்லைப் பிரித்தால், கீழே இருந்து கேட்பது என்று வரும். மலையாள வேதாகமத்தில் அனுசரணம், அதாவது பின்னால் போவது. எந்த மொழியில் தோண்டினாலும் கேட்கிற காதும் நடக்கிற காலும்தான் கிடைக்கின்றன, பிரம்பைக் காணோம்.

இதற்கு நல்ல உதாரணம் சவுல் ராஜா, 1 சாமுவேல் 15. அமலேக்கியரிடம் இருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதே என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. (அந்தப் போர்க் கட்டளை கடினமான பகுதி, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.) சவுல் நல்ல ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். சவுலின் பதிலைக் கவனியுங்கள்: அதெல்லாம் கர்த்தருக்குப் பலியிட வைத்திருக்கிறது. ஆராதனையையே சாக்காக்கிவிட்டான். சொன்னதைக் கேட்காததற்கு ஆராதனையால் மூடி போடப் பார்க்கிறான். அதற்குத்தான் சாமுவேல், பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்கிறார். பலி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, பலியைக் கொண்டு கீழ்ப்படிதலை ஈடுகட்ட முடியாது என்கிறார்.

நம் ஊர்ச் சபைகளில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஏத்தன் வாழைக் குலையை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பார்கள், கூட்டம் கைதட்டும். எனக்கும் அந்த ஏலம் பிடிக்கும், சபை முழுவதும் சிரித்து நான் பார்க்கிற நாள் அது. ஆனால் குலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போகிறவர் தன் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்கு இரண்டு மாசக் கூலி பாக்கி வைத்திருந்தால், அந்தக் கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. அதாவது தேவனுடைய காதில் ஏலத்தின் கைதட்டலும் விழும், அந்தச் சத்தமும் விழும். ஆமோஸ் 5-இல் உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, நியாயம் தண்ணீரைப்போல் ஓடட்டும் என்று தேவன் சொல்வதும் இதே விஷயம்தான்.

இப்போது இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்க்கலாம். பயபக்தி நம்மைக் கேட்கிற நிலைக்குக் கொண்டுவருகிறது. கேட்டதைச் செய்வது கீழ்ப்படிதல். செய்யப் போனால் தவறுவோம், வெட்கப்படுவோம், மறுபடி மன்னிப்புக்காக வருவோம், அப்போது பயபக்தி இன்னும் கொஞ்சம் கூடும். ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற பந்தி, கடைசியில் ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவது என்று ஒரு வரிசை வைத்திருப்பது இதற்காகத்தான். பாட்டு நேரத்தை மட்டும் ஆராதனை என்று சொல்லும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது, எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது. ரோமர் 12:1 சரீரத்தையே ஜீவபலியாகக் கொடுப்பதைத்தான் ஆராதனை என்கிறது, அதில் திங்கட்கிழமையும் அடங்கும்.

யாருக்குக் கீழ்ப்படிவது?

இந்தக் கேள்வி நம் மண்ணில் ரத்தத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் காலத்தில் நாடார் பெண்களும், அவர்களைவிடத் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களும், மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது. அதற்கு அன்று கொடுத்த பெயர் மரியாதை. துணி போட்டால் மரியாதைக் குறைவு, கீழ்ப்படியாமை! 1806-இல் ரிங்கல்தௌபே என்கிற மிஷனரி மயிலாடியில் வந்து ஊழியம் தொடங்கி, லண்டன் மிஷன் சபைகள் வளர்ந்தபோது, ஆலயத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் என்கிற தளர்ந்த சட்டையைப் போட ஆரம்பித்தார்கள், தோள்சீலையும் போட்டார்கள். மேல்சாதியார் சந்தையில் அந்தத் துணியைக் கிழித்தார்கள். ஆலயங்களையும் பள்ளிகளையும் எரித்தார்கள். பல வருஷம் இழுத்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் அரசு இறங்கிவந்து நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணை போட்டது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடம்பை மூடிக்கொண்டு தேவனுக்கு முன்னால் வந்தது பயபக்தி. அதே துணியோடு திங்கட்கிழமை சந்தைக்குப் போனது கீழ்ப்படிதல். ஊருக்கு அது கீழ்ப்படியாமையாகத் தெரிந்தது. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் நீதிமன்றத்தில் சொன்னதை (அப்போஸ்தலர் 5:29) நம் பூட்டிகள் சந்தையில் நின்று செய்தார்கள். அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால், 1752-இல், நட்டாலத்தில் பிறந்து அரண்மனையில் வேலை பார்த்த தேவசகாயம் பிள்ளை, கிறிஸ்தவ விசுவாசத்தை விட மறுத்ததால், ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

அதனால் எந்தச் சபையிலாவது “அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் கேள்வி கேட்காதே, கீழ்ப்படி” என்று சொல்லும்போது எனக்கு மனசு ஒத்துக்கொள்வதில்லை. உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்வது உண்மைதான், நானும் என் ஆயரை மதிக்கிறேன். ஆனால் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப் பார்த்த பெரோயா ஊராரை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. கணக்குக் கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. பணக்காரருக்கு முன்வரிசையும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது, அதைக் கமிட்டியே செய்தாலும் தவறுதான்.

கைக்குள் கை

கடைசியாக ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன், பயபக்தியும் கீழ்ப்படிதலும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிற இடம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவானது, 1950-இல் அதன் இராப்போஜன ஆராதனை முறை, அதாவது பந்தி ஆராதனை முறை, வந்தது. அதில் சமாதானம் கொடுக்கும் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள், அதைக் கேரளத்துச் சுரியானி சபைகளின் வழக்கத்தில் இருந்து எடுத்தார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, மேலே இடது கை மூடும். ஆயரிடம் தொடங்கி வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரை போகும். அது வருகிற நேரம் முக்கியம், காணிக்கைக்குச் சற்று முன்னால். பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது உன் சகோதரனுக்கு உன் பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23, 24. ஆராதனையை நடுவில் நிறுத்திவிட்டுப் போ என்கிறார் இயேசு.

எங்கள் அம்மைக்கும் பெரியம்மைக்கும் ஒரு கையாலையை, அதாவது எல்லைச் சுவரை, வைத்துத் தகராறு. மழையில் சரிந்த கையாலையைத் திரும்பக் கட்டினபோது ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது என்று தொடங்கி, நாலு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. கோவிலில் இரண்டு பேரும் ஒரே வரிசைக்கு வந்துவிட்ட ஒரு ஞாயிறு, சமாதானம் வரிசையில் வந்தது. பெரியம்மை கையை நீட்டினாள். அம்மை குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாள். எனக்கு அடுத்து நின்ற சித்தி அவசரமாகக் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அம்மை அன்று முக்காடு போட்டிருந்தாள், முழங்கால் போட்டாள், ஒரு பாட்டையும் விடவில்லை. பந்திக்கு மட்டும் எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பந்திக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் கறியைத் தூக்குவாளியில் ஊற்றி, என்னைக் கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொன்னாள். ரோட்டு வழி போகவில்லை. அந்தக் கையாலையையே தாண்டிப் போனோம். பெரியம்மை வாசல்படியில் பயறு உடைத்துக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.